லாடிப்போ கொண்டுவந்த பெயர்

உலக மக்கள் அனைவருக்கும், குறிப்பாக எல்லை காக்கும் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஓய்வுபெற்ற குடிநுழைவு மேலதிகாரியும், மூன்று சங்கங்களின் புரவலரும், ஊர் அரசர் கையால் பட்டம் பெற்றவருமான சீஃப் லாடிப்போ அகின்சேத்தே அவர்கள், தம் முதல் பேரனுக்குப் பெயர் சூட்டும் பொருட்டு லாகோஸிலிருந்து இங்கிலாந்துக்கு எழுந்தருளியுள்ளார்.

அறிவிப்பை எழுதியவர் சீஃப்பேதான். விமானம் கிளம்பும் முன்பே ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'எழுந்தருளியுள்ளார்' என்பதில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். ஆளை இன்னும் உள்ளே விடவில்லை.

விமான நிலையத்தின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் அதே கயிறு கட்டிய வரிசைதான். அந்த வரிசையில், வெள்ளை அக்பாதா அங்கியின் கைகளைத் தோளுக்கு மேல் ஏற்றிவிடுவதும், அவை சரிவதும், மறுபடி ஏற்றிவிடுவதுமாக நின்றுகொண்டிருந்தார் லாடிப்போ. அங்கியின் கை சரியும்போதெல்லாம் ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பார்க்காமல் எப்படி இருப்பது? குழந்தை பிறந்து இன்றுதான் எட்டாம் நாள். விசா இழுத்தடித்ததில் பெயர் வைக்கும் நாளன்றே வந்து இறங்கும்படி ஆகிவிட்டது. மகன் தோத்துன் வாடகைக்குப் பிடித்திருக்கும் மண்டபத்தை மதியம் இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அதற்குள் தந்தைவழித் தாத்தா போய், தண்ணீர், உப்பு, தேன், பனையெண்ணெய், கோலாக் கொட்டை, காட்டு மிளகு என்று ஒவ்வொன்றாகக் குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்துவிட்டு, மனதுக்குள் பூட்டி வைத்திருக்கும் பெயரைக் குழந்தையின் காதில் முதலில் சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பெயர் யார் காதிலும் விழக்கூடாது. பெற்றவனிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

அவர் போகாவிட்டால் சடங்கு நின்றுவிடுமா என்ன? சம்பந்தி போலரின்வா இருக்கிறார். இருபது வருடமாக இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். லாடிப்போ கடிகாரத்தை விடாமல் பார்த்தது அதனால்தான்.

மனைவி அபேக்கே எப்போதோ போய்விட்டாள். லாகோஸ் சந்தையில் கிழங்கு மூட்டையைத் தலையில் தூக்கி நடப்பவள், டிக்கெட் போடும்போதே முழங்கால் வலி என்று சொல்லிச் சக்கர நாற்காலிக்குப் பதிந்துவிட்டாள். இறங்கியதும் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"தோத்துன் அப்பா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன். ஏறிக்கோங்க. நாற்காலியைத் தனி வழியில தள்ளிட்டுப் போவாங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நான் யாரு தெரியுமா? முப்பது வருஷம் இந்தக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். என்னைப் பொட்டலம் மாதிரி தள்ளிட்டுப் போகச் சொல்றியா?"

"அப்ப நடந்தே வாங்க. நான் பேரனைப் பார்க்கப் போறேன்." நாற்காலி உருண்டு மறைந்தது. பெயர் சூட்டும் சாமான்கள் இருந்த தோல்பையை மட்டும் சீஃப் அவளிடம் கொடுக்கவில்லை. அவ்வளவு முக்கியமானதை ஒரு நோயாளியிடம் எப்படிக் கொடுப்பது?

வரிசையில் அவருக்குப் பின்னால் ஒபியாகேலி நின்றாள். துணி வியாபாரி. அதே விமானத்தில் வந்தவள். வாய் சும்மா இருக்காதவள்.

"சீஃப், ஏன் இப்படித் துடிக்கிறீங்க? கால் சுடுதா?"

"துடிப்பா? கவனிக்கிறேன் மேடம். தொழில்காரன் கண் சும்மா இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "அதோ, ஜடாமுடியோட ஒரு பையன். அவனை ஓரங்கட்டப் போறாங்க, பாருங்க."

ஓரங்கட்டினார்கள்.

"எப்படிச் சொன்னீங்க?" என்றாள் அவள், வாயைப் பிளந்து.

"கண்! அடுத்து அந்தத் தாடிக்காரர்."

தாடிக்காரரும் போனார். சீஃப்புக்குப் பெருமை தாங்கவில்லை. லாகோஸில் அவர் இப்படித்தான் வேலை பார்த்தார். தம் நாட்டு வடக்கத்தித் தலைப்பாகை, பாலைவனத்துப் பக்கத்து நாட்டு முகவெட்டு, சீன முகம் என்றால் விரல் நுனியால் ஒரு சைகை, தனி அறை. எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர் என்றால் 'வாங்க சார், நல்வரவு', முத்திரை. பாஸ்போர்ட்டைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுவார். இளைய அதிகாரிகளுக்கு இதை ஒரு கலை என்றே பாடம் நடத்தியிருக்கிறார்.

"இந்த ஊர்க்காரங்களும் தேறிட்டாங்க," என்றார் திருப்தியாக. "நான் யாரை எடுப்பேனோ அவங்களையேதான் எடுக்கிறாங்க."

அவர்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டே உள்ளே போனது. சீஃப் அங்கியின் கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ராஜநடையில் கவுன்டரை அடைந்தார். அங்கிருந்த இளம்பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

"கொஞ்சம் இப்படி ஓரமா வாங்க சார். வழக்கமான சோதனைதான்."

ஆயிரம் பேரிடம் அவரே சொன்ன வாக்கியம். இந்தப் பக்கமிருந்து கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது.

தனி அறையில் ஜடாமுடிப் பையன் கைப்பேசியில் யாருக்கோ, "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்க, இன்னிக்கு நான் பார்க்க வேண்டிய நோயாளிகளை வேற டாக்டர்கிட்ட மாத்திடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். தாடிக்காரர் கண்ணை மூடியிருந்தார். சீஃப் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கதவு திறந்தது. ஒபியாகேலியையும் கொண்டுவந்து விட்டார்கள்.

"சீஃப்," என்றாள் அவள், பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து. "நீங்க கணக்குல ஒரு ஆளை விட்டுட்டீங்க."

"யாரை?"

"உங்களை."

தாடிக்காரர் கண்ணைத் திறந்தார். "வரிசையில நின்னு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினது நீங்கதானே பெரியவரே?"

"நான் இந்த வேலையில இருந்தவன். முகத்தைப் பார்த்தாலே தெரியும்..." என்று ஆரம்பித்த சீஃப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. என் முகத்துல என்ன தெரிஞ்சுது?"

சீஃப் அங்கியின் கையைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

கவுன்டர் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மரியாதையில் குறையொன்றும் இல்லை.

"எதுக்காக வந்திருக்கீங்க சார்?"

"பேரனுக்குப் பேர் வைக்க."

"ரொம்ப சந்தோஷம். பேரன் பேர் என்ன?"

"அதைச் சொல்லக் கூடாது."

அவள் பேனா நின்றது. "சொல்லக் கூடாதா?"

"இன்னும் வைக்கல."

"அப்ப, பேர் இல்லை."

"இருக்கு. எங்கிட்ட இருக்கு."

அவள் தோல்பையைப் பார்த்தாள்.

பையை மேஜைமேல் கொட்டினார்கள். பொட்டலத்தில் வெள்ளைத் தூள். சின்னப் புட்டியில் கெட்டியாக, மஞ்சளாக ஏதோ. இன்னொன்றில் சிவப்பாக. உலர்ந்த காய்கள். இளஞ்சிவப்புக் கொட்டைகள். பெயர் இல்லாத குழந்தையைப் பார்க்க, பெயர் தெரியாத சாமான்களோடு ஒரு கறுப்புக் கிழவர். லாடிப்போ அந்த மேஜையைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்தார். தாமே அந்தப் பக்கம் இருந்திருந்தால் இந்த ஆளை விட்டிருக்க மாட்டோம் என்று பட்டது. முதுகில் வியர்த்தது. வியர்க்கிறவனை விடாதே என்று பாடம் நடத்தியவரும் அவர்தான்.

"அது உப்பும்மா. வெறும் உப்பு. அது தேன். சடங்குக்கு."

"சோதனைக்கு அனுப்பியிருக்கோம் சார். கொஞ்சம் இருங்க."

கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியது. சீஃப் கதவுவரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

"உட்காருங்க சீஃப். தரை தேஞ்சா அதுக்கும் நம்மளத்தான் கேப்பாங்க," என்றாள் ஒபியாகேலி.

ஒரு மணிக்கு அந்தப் பெண் திரும்ப வந்தாள். முகம் இன்னும் இறுகியிருந்தது.

"வெளியில நிக்கிற உங்க மகன்கிட்ட ஃபோன்ல பேசினோம். அவருக்கும் குழந்தை பேர் தெரியலையாம்."

"அவனுக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"பெத்த அப்பாவுக்கே தெரியாது." அவள் எழுதிக்கொண்டாள். "குழந்தையோட அம்மாவுக்கு?"

"அவளுக்கும் தெரியாது."

"வேற யாருக்குத்தான் சார் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் தெரியும். வழக்கமே அதுதாம்மா!"

சொல்லச் சொல்ல அது ஒரு கடத்தல் கூட்டத்தின் வழக்கம் மாதிரியே இருந்தது. அவர் காதுக்கே அப்படித்தான் கேட்டது.

"இதுல பேர் எழுத ஒரு இடம் இருக்கு சார். அதைக் காலியா விட முடியாது," என்றாள் அவள், கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டு.

கடிகாரம். மண்டபம். மைக்கைப் பிடித்தபடி சம்பந்தி. லாடிப்போ எழுந்தார். அங்கியின் இரண்டு கைகளும் தோளிலிருந்து சரிந்து தரையில் புரண்டன. அவர் ஏற்றிவிடவில்லை. மேஜைமேல் குனிந்து, அந்தப் பெண்ணின் காதருகே மெல்லச் சொன்னார்.

"மன்னிக்கணும் சார், சரியாக் கேக்கல."

மறுபடி சொன்னார்.

"கொஞ்சம் சத்தமா?"

ஒபியாகேலி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். ஜடாமுடி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்தவனாகத் தன் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான். தாடிக்காரரும் அப்படியே செய்தார்.

"அகின்குன்மி," என்றார் லாடிப்போ உரக்க. அவருடைய அப்பாவின் பெயர். வீரம் என்னோடு சேர்ந்தது என்று பொருள்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தட்டி முடிப்பதற்குள் வேறொரு அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"அந்த வெள்ளைத் தூள் உப்புதான். அவரை அனுப்பிடலாம்."

"நீங்க போகலாம் சார். ஒத்துழைச்சதுக்கு நன்றி."

சீஃப் அசையாமல் நின்றார். "அப்ப, பேர் சொன்னது?"

"உப்பு சரியா இருந்தாப் போதும் சார். பேர் சும்மா கேட்டதுதான்."

தோத்துன் விமான நிலைய வாசலிலேயே நின்றான். காரை அவன் ஓட்டிய ஓட்டத்தில் கோலாக் கொட்டைகள் பைக்குள் உருண்டன. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜொலோஃப் என்னும் தக்காளிச் சோறு தீர்ந்து, அடிப்பிடித்த பாத்திரத்தை ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்தார். மூலையில் அபேக்கே குழந்தையை மடியில் வைத்திருந்தாள். முழங்கால் வலி குணமாகியிருந்தது.

"எங்கே போயிட்டீங்க தோத்துன் அப்பா? என்கிட்டயும்தான் குழந்தை பேர் கேட்டாங்க. எட்டாம் நாள்தான் பேர்னு நாற்காலி தள்ளின பையனே சொல்லிட்டான். அவன் நம்ம நாட்டுப் பையன், இபாதான்காரன்."

சம்பந்தி போலரின்வா கைகளை விரித்துக்கொண்டு வந்தார். கோட்டும் டையும் அணிந்திருந்தார்.

"சம்பந்தி! இரண்டு மணிவரைக்கும் காத்திருந்தோம். மண்டபத்துக்காரன் விளக்கையே அணைச்சுட்டான். அதான் வேற வழியில்லாம நானே வச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. நீங்களும் ஒரு பேர் சொல்லலாம், எத்தனை பேர் வேணும்னாலும் சேர்த்துக்கலாமே."

"முதல் பேர் என்ன வச்சீங்க?"

"ஒலிவர்!" போலரின்வா நெஞ்சை நிமிர்த்தினார். "தீர யோசிச்சுத்தான் வச்சேன். நீங்க இன்னிக்குப் பட்ட பாடு இவன் என்னைக்கும் படக் கூடாது. பாஸ்போர்ட்ல ஒலிவர்னு இருந்தா, உலகத்துல எந்த விமான நிலையத்துலயும் ஒருத்தன் ஓரமா வான்னு கூப்பிட மாட்டான். எப்படி என் மூளை?"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அபேக்கே குழந்தையைத் தூக்கிக் கணவரிடம் கொடுத்தாள். லாடிப்போ வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் பழகிய கண்ணால் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

ஒலிவருக்கு அச்சு அசலாக லாடிப்போவின் முகம்.