திரையின் அடியில் ஓடிய வரி

கொரியாவின் அன்சான் நகரச் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருந்த மல்ஹியும், நேபாளத்திலிருந்து வெல்டிங் வேலைக்கு வந்த ககேந்திராவும் கல்யாணம் செய்துகொண்டபோது, மல்ஹியின் அண்ணன் வாசலில் நின்றே திட்டிவிட்டுப் போனார். சந்தைப் பெண்களோ கிண்டலை விடவில்லை.

"கறுப்பு மாப்பிள்ளைக்கு நம்ம கிம்ச்சி இறங்குதாடி?"

"உன் புருஷனைவிட ரெண்டு கிண்ணம் கூடவே இறங்குது, போ," என்பாள் மல்ஹி.

இந்தக் காதலைப் படமெடுக்கிறேன் என்று வந்தவள் சேரின். கம்பெனி, ஆள்படை எதுவும் இல்லாமல், ஒற்றைக் கேமராவோடு ஒரு வருஷம் கடையிலேயே கிடந்தாள். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மல்ஹிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நாளடைவில் கேமரா இருப்பதே வீட்டில் மறந்துபோயிற்று.

சியோலில் ஒரு சின்னத் தியேட்டரில் படத்தை முதன்முதலாகக் காட்டினார்கள். மல்ஹி முன்வரிசையில் ககேந்திராவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதிப் படத்தில், கடையின் பின்கட்டில் அவன் தம்பியோடு போனில் பேசும் காட்சி வந்தது. அவன் பேசிய நேபாளி அவளுக்குப் புரியாது. அடியில் ஓடிய கொரிய எழுத்து புரிந்தது.

'விசாவுக்காகத்தான் கட்டினேன். இல்லேன்னா இவ்வளவு மூத்தவளை எவன் கட்டுவான்?'

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மல்ஹி அவன் கையை விட்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பக்கவாட்டில் திரும்பினாள். அங்கே சுவரோரம் சேரின் நின்றிருந்தாள். அவளுடைய கேமரா மல்ஹியின் முகத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து வெளியே வந்தவளின் பின்னால் ககேந்திரா ஓடி வந்தான். கொரிய மொழியைத் தொழிற்சாலையில் முதலாளிகளிடம் பேசிக் கற்றவன். மனைவியிடமும் மரியாதையாகத்தான் பேசுவான்.

"அதோட நான் நிறுத்தலீங்க. மேலயும் பேசினேன். வெட்டிட்டாங்க."

மறுநாள் காலை மல்ஹி சேரினின் அறைக்குப் போய் நின்றாள். "முழுசா போடு."

"அக்கா, படம்னா அதுக்குன்னு ஒரு..."

"போடுன்னேன்."

வெட்டிய துண்டு திரையில் ஓடியது. அதற்கும் கொரிய எழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. 'அது அப்போ. இப்ப அவ இருமினாலே எனக்குத் தூக்கம் போயிடுது. என்னை ஊருக்குக் கூப்பிடாதே.'

"இதை எதுக்கு வெட்டினே?"

"இது இருந்தா சாதாரணக் காதல் படமாயிடும், அக்கா."

"இவ்வளவையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியா?"

சேரின் கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

வீட்டில் ககேந்திரா சமையலறை வாசலிலேயே காத்திருந்தான்.

"பாத்தீங்களா? இப்ப நம்புறீங்கல்ல?"

"நம்புறேன்," என்றாள் மல்ஹி. "முதல்ல சொன்னதையும் நம்புறேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு நீ அழுதியே, சந்தோஷத்துல அழறேன்னு நெனச்சு உன் கண்ணைத் துடைச்சு விட்டேனே."

அவன் தலைகுனிந்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் சற்று நேரம் நின்று பார்த்தாள். சொல்லவில்லை.

படத்துக்கு ஒரு விழாவில் பரிசு கிடைத்தது. மேடைக்கு இருவரையும் அழைத்திருந்தார்கள், இருவருமே போகவில்லை. வசந்தம் வரும்வரை ஒரே வீட்டில் அவர்கள் தனித்தனி அறையில் படுத்தார்கள். அதன்பின் மல்ஹி தன் அறைக் கதவைத் தாழிடுவதை விட்டாள்.