ஒன்பது வருடப் பூஜ்ஜியம்

அலுவலகத்தில் அவளுக்குப் பூஜ்ஜியம் என்று பெயர். காட்டாராய்ச்சி நிலையத்தில் கணக்கெடுப்பு வேலை. மாதம் இரண்டு முறை மலைச்சரிவில் ஏறி, குறித்த இருபது இடங்களில் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் தாளில் எழுத வேண்டும். ஒன்றும் தென்படாவிட்டால் மற்றவர்கள் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். இவள் மட்டும் பூஜ்ஜியம் போட்டு, கீழே கையெழுத்தும் போடுவாள். "பார்க்காம விட்டதுக்கும், பார்த்து இல்லாததுக்கும் வித்தியாசம் வேணாமா?" என்பாள். அந்த நேர்மைதான் கடைசியில் அவளுக்கே உலை வைத்தது.

ஐந்தாவது இடம் ஓர் ஓடை. அங்கேதான் பொத்தான் தவளை இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். பெயர் வைத்ததும் இவள்தான். பருவத்தின் முதல் மழை விழுந்து மூன்று வாரம் வெளியே வந்து கத்தும், இலைக்கடியில் முட்டை ஒட்டும், பிறகு வருடம் முழுக்க மண்ணுக்குள் போய்விடும். அந்த ஓடையைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஒன்று எங்கே இருக்கிறது என்று வெளியே கசிந்தால், மறுவாரமே பிடித்து விற்க டப்பாவோடு ஆள் வந்து நிற்பான். அடுத்த மலையில் ஒரு பல்லி இனமே அப்படித்தான் விலைபோய்த் தீர்ந்தது. அதனால் இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அரிய உயிரைப் பொதுக்கோப்பில் எழுதமாட்டார்கள். அதற்குத் தனி நோட்டு, இடத்தின் பெயருக்குப் பதில் ஒரு குறி. மழை வாரங்களில் பொய்ப் பூஜ்ஜியம் போட மனம் வராமல் பொதுத்தாளில் அந்தக் கட்டத்துக்கு இவள் ஒரு கோடு போடுவாள், வறண்ட மாதங்களில் வழக்கம்போல் பூஜ்ஜியம்.

குறிக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று இவள். இன்னொருவர், அதே அலுவலகத்தில் வரைபடம் போடும் இவள் புருஷன். முதல் வருடம் அவரும் கூட ஏறினார். சேற்றில் குப்புறப் படுத்து, கட்டைவிரலில் தவளையை ஏற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி கிடந்தார். "இது நம்ம வீட்டு ரகசியம். உயிரே போனாலும் வாயைத் திறக்கமாட்டேன்" என்றார். சொன்ன வாய் நல்ல வாய்தான். ஒன்பது வருடம் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அன்றைக்கும் திறக்கவில்லை.

சரிவில் கல் குவாரி வரப்போகிறது என்றதும் இவள் அவ்வளவாகப் பதறவில்லை. நோட்டு இருக்கிறதே! குவாரி அனுமதிக்கான பொது விசாரணை நாளன்று காலையில் அலமாரியைத் திறந்தால், அது இருந்த இடம் காலி. சாவி இருவரிடம் மட்டுமே.

"ஏங்க, நோட்டை நீங்க எடுத்தீங்களா?"

"பத்திரமா இருக்கு. நீ கிளம்பு, நேரமாச்சு" என்றார் அவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று இவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவி மகள்.

விசாரணை அரங்கில் மின்விசிறிகள் சத்தத்துக்குத்தான் சுற்றின. நடுவில் மேஜை, மேஜையில் குவாரிக்காரர்கள் கொடுத்த தடித்த அறிக்கை. விசாரணை அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்: "ஒன்பது வருடக் கணக்கெடுப்பில், ஓடைப் பகுதியில் அழியும் நிலையிலுள்ள உயிரினம் எதுவும் பதிவாகவில்லை."

பின்னால் இணைத்திருந்தவை இவள் எழுதிய தாள்கள். கட்டுக்கட்டாகப் பூஜ்ஜியம், இடையிடையே யாரும் கவனிக்காத கோடு. தொகுத்தவர் என்ற இடத்தில் புருஷனின் பெயர். இவள் எழுந்து, "அறிக்கை தப்பு சார்" என்றாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்போ பூஜ்ஜியம்னு பொய்யா எழுதினீங்களா?"

"இல்ல சார். அது வறண்ட மாசம். மழை மாசத்துக்குத் தனி நோட்டு இருக்கு. என் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு."

எல்லாத் தலைகளும் திரும்பின. குவாரிக்காரர்களின் வரிசையில், ஓரத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அங்கே ஏன் உட்கார்ந்தார் என்று அதுவரை இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"நோட்டா?" என்றார் அவர், இவளைப் பார்க்காமல். "அப்படி எதுவும் எனக்குத் தெரியாது. அவங்களுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல."

நோட்டை மறைத்ததைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. 'அவங்களுக்கு' என்றாரே, யாரோ போல! பதினான்கு வருடக் குடித்தனம் ஒரு வார்த்தையில் மூன்றாம் மனுஷியானது.

"இப்போ மழை விழுந்து ரெண்டு நாள்தான் ஆகுது சார். தவளை கத்திட்டிருக்கும். நீங்க மட்டும் வாங்க, காட்டறேன்."

"பொது விசாரணைம்மா. ரகசியமா எதையும் பார்க்க எனக்கு அதிகாரம் இல்ல. காட்டறதா இருந்தா எல்லாருக்கும் காட்டணும். இல்லேன்னா இந்த அறிக்கைதான் செல்லும்."

காட்டாவிட்டால் ஓடையே போய்விடும். காட்டினால் டப்பாக்காரன் வருவான். ஒன்பது வருடம் பொத்திப் பொத்திக் காத்ததை இவள் கையாலேயே சந்தையில் வைக்கவேண்டும். எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்தாள். புருஷன் போட்ட வரைபடம், துல்லியமாகத்தான் போட்டிருந்தார்.

"இங்கே."

பின்வரிசையில் நாலைந்து பேர் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தார்கள். யார் எவர் என்று யாருக்குத் தெரியும்? அதிகாரி எழுதிக்கொண்டார்: நாளை காலை நேரில் ஆய்வு, அதுவரை அனுமதி நிறுத்திவைப்பு.

வாசலில் அவர் வண்டியோடு நின்றார்.

"உனக்காகத்தான் செஞ்சேன். முட்டி வலிக்குது, இந்த மலையை விட்டுப் போயிடலாம்னு நீதானே சொன்னே? குவாரிக்காரங்க டவுன்ல வேலை தர்றோம்னாங்க." பேசப் பேச அவருக்குத் தைரியம் வந்தது. "இப்போ நீயே இடத்தைக் காட்டிக் கொடுத்துட்டே. நான் மறைச்சதுல ஓடைதான் போயிருக்கும். இனி வர்றவன் ஒண்ணுவிடாம அள்ளிட்டுப் போவான். யோசிச்சுப் பாரு, யாரு துரோகி?"

"நானும்தான்" என்றாள் இவள். "என்னை அதுவரைக்கும் கொண்டுவந்து விட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

அவர் வண்டியைக் கிளப்பி, "ஏறு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம், மலைக்குப் போகும் பேருந்துக்காக நின்றாள். விடியும்வரை ஓடையில் யாராவது காவல் இருந்தாக வேண்டும். இடம் தெரிந்தவர்கள் இப்போது நிறையப் பேர். நம்பி அனுப்ப ஒருவர்கூட இல்லை.