சுமன் சொன்ன "நெஹே"

தமிழில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அரைக் கிலோவை அமுக்கினால், அந்த ஆளின் பரம்பரையையே இழுத்துவைத்துக் கேட்பேன். சிங்களத்தில்தான் நான் ஊமை. விளங்காமல் இல்லை. கஹவத்தைக் கடைகளில் கேட்டுக் கேட்டு எல்லாம் விளங்கும். பேசப் போனால்தான் பிழைபிழையாக வரும், ஆட்கள் சிரிப்பார்கள். அந்த வெட்கத்தில், "அழகம்மாவுக்குச் சிங்களம் தெரியாது" என்று தோட்டத்து லயத்து வீடுகளே நம்பும்படி இருந்துவிட்டேன்.

அதனால் ஆஸ்பத்திரி என்றால் சுமன்தான் கூட வருவான். என் வீட்டுக்காரர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. சுமன் அவருடைய தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு கஹவத்தையில் துணிக்கடையில் நிற்பவன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

போன மழைக்காலத்தில் அடிவயிற்று வலி என்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் போவதை நான் அவனிடம் சொல்லவில்லை. கொழுந்தனிடம் எந்த வாயால் சொல்வது? டொக்டரம்மா, எங்களுக்கு நோனா, அவரே அவனிடம் கேட்டார்: "லே யனவத?" மாதவிலக்கு இல்லாத நாளிலும் இரத்தம் போகிறதா, கேட்டுச் சொல்லுங்கள் என்று. சுமனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பாமலே "நெஹே" என்றான். இல்லையாம்! எனக்குத்தான் நன்றாகக் கேட்டதே. ஈரத் துணியோடு உட்கார்ந்துகொண்டு, அப்பாடா, தப்பினோம் என்று இருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா? வாயுவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

அந்த மருந்தையே விழுங்கிக்கொண்டு மலை ஏறினேன். போன மாதம் கொழுந்துக் கூடையோடு அப்படியே விழுந்தேன். உடுப்பெல்லாம் இரத்தம். திரும்பவும் அதே நோனா. கர்ப்பப்பை வாசலைத் துடைத்து அனுப்பிய சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விடவில்லை. ஆழத்திலிருந்து ஒரு துண்டு சதை எடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து சுமன் சரியாகச் சாப்பிடவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல அவனுக்குச் சோறு போட்டேன்.

இன்றைக்கு அந்த முடிவு வந்தது. நோனா சொல்லச் சொல்ல அவன் தமிழில் சொன்னான்.

"அண்ணி, லிம்போமாவாம். நெறிக்கட்டியில வர்ற புத்துநோயாம். எங்கயாவது ஒருத்தருக்குத்தான் இப்புடி கர்ப்பப்பை வாசல்ல வருமாம்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெட்டத் தேவையில்லையாம். மஹரகம புத்துநோய் ஆஸ்பத்திரியில ஊசி மருந்து ஏத்துவாங்களாம். முடி கொட்டும், திரும்ப வளரும். மருந்துக்கு நல்லா கேக்கிற நோயாம் அண்ணி."

ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். இப்போது வயிற்றுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளிலும் பரவியிருக்கிறது, முந்திப் பிடித்திருந்தால் இவ்வளவு மருந்து தேவைப்படாது என்றும் நோனா சொன்னார். அதை எனக்குச் சொல்லாமல் தனக்குள்ளேயே விழுங்கினான், பாவிப் பயல்.

பிறகு நோனா பேனாவை எடுத்தார். இரத்தம் போகத் தொடங்கியது எப்போது? கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரிய வேண்டும், சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

"எப்ப இருந்து அண்ணி?" சுமன் இந்தத் தடவை என்னைப் பார்த்துக் கேட்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

போன மாதம் என்று சொன்னால் அவன் தப்பிப்பான், நானும் தப்பிப்பேன். ஆனால் பொய்யை நம்பி எனக்கு மருந்து ஏற்றுவார்கள். இன்னும் எத்தனை தடவைதான் வெட்கத்துக்கு உயிரைக் கொடுப்பது?

நோனாவைப் பார்த்து நானே சொன்னேன்: "எதத் லே கியா. மம கிவ்வே நெஹே." முதல் தடவை வந்த அன்றைக்கும் இரத்தம் போனது. நான்தான் சொல்லவில்லை.

அவர் எழுதிக்கொண்டார். சுமன் என்னையே பார்த்தான்.

"ஒங்களுக்கு சிங்களம் தெரியுமா அண்ணி?"

"கேட்டா வெளங்கும் தம்பி."

"அப்ப, அன்னைக்கு நான் நெஹேன்னு சொன்னது?"

"வெளங்குச்சு."

அவன் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான்.

"நான்தான் ஒங்கள கொன்னுட்டேன்னு ஒரு மாசமா செத்துக்கிட்டு இருக்கேன். பாத்துக்கிட்டா அண்ணி இருந்தீங்க?"

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.