உப்புப் பார்க்காத கஞ்சி

அண்டாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமே இல்லை. துபாயில் பதினேழு வருஷம் ஹோட்டல் அடுப்படியில் நின்றவன் சொல்கிற பேச்சா இது? நோன்பு பிடித்துத் தொண்டை காய்ந்தவனுக்கு நாலு மணிக்கு மேல் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

பத்தமடையில் எங்கள் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியை முப்பது வருஷம் காய்ச்சியவர் எங்கள் வாப்பா. இப்போது காய்ச்சுகிறவர் படுத்துவிட்டார் என்று ஜமாஅத் தலைவர் இன்றைக்கு என்னையும் அண்ணன் ஹாஜாவையும் கூப்பிட்டுவிட்டார். நாங்கள் பேசி ஆறு வருஷம் ஆகிறது என்று ஊருக்கே தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார். பெரிய மனுஷன் புத்தி.

வாப்பா மவுத்தான செய்தி வந்ததும் கிடைத்த விமானத்தில் ஏறினேன். மதியம் லுஹர் தொழுகைக்கே அடக்கிவிட்டான் அண்ணன். நான் சாயங்காலம் அஸருக்கு வந்து ஈர மண்ணைத்தான் பார்த்தேன். மையத்தை அடக்காமல் காக்க வைக்கக் கூடாது, சரி. மூன்று மணி நேரம் கூடவா கூடாது? அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஆக, ஒரே அண்டாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊமைகள். அவன் அரிசியைப் போட்டான், நான் கிண்டினேன். நான் பூண்டும் வெந்தயமும் போட்டேன், அவன் தேங்காய்ப்பாலை ஊற்றினான். உப்புப் பாக்கெட் பிரிந்து கிடந்தது. பிரித்தது நானா, அவனா, நேற்றைய மிச்சமா?

நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று தொழ வைக்கிற அஜரத்தே சொல்லியிருக்கிறார். ஆனால் வாப்பா ஒரு நாளும் நாக்கில் வைத்ததில்லை. அண்ணன் பார்க்க நான் வைப்பதா? இன்னொரு பிடி போட்டுவிடவும் பயம். அவன் ஏற்கெனவே போட்டிருந்தால், நாள் முழுக்கத் தண்ணீர் காணாத தொண்டைகளில் உப்புக் கரைசலை ஊற்றின கதையாகிவிடும்.

அஸர் தொழுகை முடிந்தது. தூக்குவாளிகளோடு வரிசை தெரு முனை வரைக்கும் போனது. அண்ணன் ஊற்ற ஆரம்பித்தான். பத்து வாளி போனது. இருபது போனது. ஒவ்வொரு வாளியையும் எண்ணிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் ஊற்றிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுக்கும் அதே சந்தேகம் என்று தெரிந்துவிட்டது. கேட்கட்டுமே என்று நான் இருந்தேன். அவனும் அப்படித்தான் இருந்திருப்பான்.

முப்பதாவது வாளியை நீட்டியது ஒரு சின்னப் பிள்ளை. இன்றைக்குத்தான் முதல் நோன்பாம், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உப்புப் போட்டியாண்ணே?"

அவன் கரண்டி அப்படியே நின்றது. "இல்ல லே. நீ போடுவேன்னு விட்டுட்டேன்."

அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வீம்பை விட்டேன். ஒரு சொட்டை நுனி நாக்கில் வைத்துத் துப்பினேன்.

"சப்புன்னு இருக்கு."

அண்ணன் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். நான் போட்டேன், அவன் கிண்டினான். தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கிற மோதினார் மைக்கைப் பிடித்தார்: "கஞ்சி வாங்கிட்டுப் போனவங்க வீட்டுல உப்புப் போட்டுக்கிடுங்க."

வரிசையில் நின்ற நஃபீஸத் மாமி சும்மா இருப்பாளா? "அண்ணனும் தம்பியும் பேசாததுக்கு ஊரு நோன்பு சப்புன்னு ஆவணுமோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

நோன்பு திறக்கிற பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சியை ஒரு மடக்குக் குடித்தேன். துபாய் போனபிறகு லீவு ஒரு தடவையும் நோன்பு மாசத்தில் அமையவில்லை; இந்தக் கஞ்சியைக் குடித்துப் பதினேழு வருஷம். நோன்பே பிடிக்காத சின்ன வயதில்கூட இந்த ஒரு கோப்பைக்காகப் பெரியவர்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதே குழைவு, அதே வெந்தய வாசம். வாப்பாவே ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"கடைசி வர வாப்பா மொகத்த மூடாமத்தான் வச்சிருந்தேன் லே. நீ பொறப்பட்டியா இல்லையான்னே தெரியல. அடக்காம வச்சிருன்னு ஒரு வார்த்த நீ சொல்லல."

உண்மைதான். காத்திருப்பான் என்றே நினைத்துவிட்டேன்.

"சொல்லியிருந்தா?"

"மறுநா வரைக்கும் வச்சிருப்பேன்."