களமசேரி கேட்டில் மூன்று நாள்

நாற்பத்தொரு கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டாள் சந்தனமாரி. ஒன்றுக்கும் பதில் இல்லை. மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். ஏதாவது ஒரு தொழிற்சாலை ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொண்டதென்று வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கூடப் படிப்பவர்கள் நாலாம் வருடம் போவார்கள், அவள் நிற்பாள்.

வகுப்பில் மற்றவர்களுக்குச் சிபாரிசுக்கு மாமன் இருந்தான், சித்தப்பன் இருந்தான். அவளுக்குப் பிழைக்க வந்த மலையாள ஊரில், மட்டாஞ்சேரியில் ஒற்றை அறையும், கான்கிரீட் வேலைக்குப் போகும் அப்பா செல்லதுரையும்தான்.

"மெயில்ல எவன் வேல குடுப்பான்?" என்றார் அவர். "இருவது வருசமா கலூர்ல நிக்கேன். ஒரு நாளாச்சும் லெட்டர் போட்டுட்டா போனேன்?"

கலூரில் விடியும்போதே கூலியாட்கள் சாலையோரம் நிற்பார்கள். ஆள் தேடி வருகிறவன் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவான். அங்கே ஒரு முறை உண்டு. வேலை கேட்டு ஓடுகிறவனை யாரும் எடுப்பதில்லை. கொத்துக்கரண்டி பைக்கு வெளியே தெரிகிற மாதிரி சும்மா நிற்க வேண்டும். "வரயா?" என்றால் "வாரேன்." அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கு வேலை.

"வாயத் தொறக்காத. ஒரே எடத்துல மூணு நாள் நில்லு. மொகம் பழகிரும்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் களமசேரியில் ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே போய் நின்றாள். கையில் அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பர், பையில் ரெஸ்யூமே. கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவள் வயதுப் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள். அவளை ஒருவரும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காவலாளி மட்டும் "ஆரெயா மோளே காத்து நிக்குந்நே?" என்று கேட்டார். யாருக்காக நிற்கிறாள் என்று சொல்ல ஆள் பெயர் ஒன்றும் இல்லை. சிரித்து வைத்தாள்.

மூன்றாம் நாள் ஒரு கார் நின்றது. பராமரிப்புப் பிரிவு எஞ்சினீயர் அனந்தநாராயணன். பாலக்காட்டுத் தமிழர். காவலாளி குனிந்து, "தமிழத்தியா சாரே, மூணு திவசமாயி இவிடே நிக்குந்நு" என்றார்.

"தமிழா? இன்னிக்கு ரெண்டு ஆள் வரலை. வரயா?"

"வாரேன் சார்."

உள்ளே ஒருவன் நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டாள். பயிற்சிக்கு வருகிறவர்களும் இதில்தான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு பெரிய பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெயில் பேரிங் கழுவும் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமி அவள் பையைப் பார்த்தாள்.

"என்னடி இவ்ளோ பெரிய பை? ஊருக்கே சோறு கட்டிட்டு வந்தியா?"

"புஸ்தகம்க்கா."

"அது சரி. பம்பு பசிக்குதுன்னா ஊட்டி விடு."

மதியம் வரை கழுவினாள். ஒரு பேரிங்கில் வளையம் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருந்தது. காலிப்பரை எடுத்து நாலு இடத்தில் அளந்தாள். அனந்தநாராயணன் அந்தப் பக்கம் வந்தபோது, "சார், புது பேரிங் போட்டாலும் போயிரும். ஷாஃப்ட்டு நேரா இல்ல" என்றாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். "சரியாக்கும்." பிறகு காலிப்பரைப் பார்த்தார். "இது ஆரோடது? ஸ்டோர்லேர்ந்து எடுத்தயா?"

"என்னோடது சார்."

அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார். போன் அடித்தது, போய்விட்டார்.

ஐந்து மணிக்கு அவர் ஆபீஸ் வாசலில் ரெஸ்யூமேயை நீட்டினாள். ஓரத்தில் எண்ணெய்க் கறை. அவர் முழுவதும் படித்தார்.

"காலம்பறயே சொல்லப்படாதோ கொழந்தே?"

"நீங்க கேக்கலியே சார்."

"கான்ட்ராக்டர் கூலி புக்ல கையொப்பம் போட்டாச்சே. கூலிக்கு வந்த ஆளுக்கு டிரெய்னின்னு நான் எப்பிடி எழுதறது? எடுக்க வேண்டியவாளை எல்லாம் போன மாசமே எடுத்தாச்சு." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கி, "நாளைக்கும் ஆள் வேணும். வரயா?" என்றார்.

அவள் கூலிக் கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி மண்ணெண்ணெய் வாடைக்கு முகத்தைச் சுளித்து எழுந்து போனாள். மட்டாஞ்சேரி வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

அறையில் செல்லதுரை சோறு வடித்துக்கொண்டிருந்தார். மகளின் கறுத்த விரல்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கெடச்சிருச்சா?"

"உள்ள கூப்பிட்டாங்கப்பா."

"நாளைக்கும் வரச் சொன்னானா?"

"சொன்னாரு."

"பாத்தியா! நான் சொன்னம்லா, வாயத் தொறக்காம நின்னாப் போதும்னு." வடிதட்டை அப்படியே வைத்துவிட்டு அடுத்த அறைக்காரரிடம் சொல்ல ஓடினார். "எம் மவளுக்குக் கம்பெனில எடம் கெடச்சிருச்சு அண்ணாச்சி!"

சந்தனமாரி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். நகத்தடியில் கறுப்பு போகவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு பகல்தான் இருந்தது. போனை எடுத்து நாற்பத்திரண்டாவது மெயிலை அடிக்க ஆரம்பித்தாள். சுவருக்கு அப்பால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.