சாயாத பை

குழந்தை காலை ஏழு மணிக்குக் குடல் வெளியே சரிந்தபடி பிறந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை. மற்றபடி மூக்கும் முழியுமாக அப்பன் ஜாடை.

குடலை உள்ளே வைத்துத் தைக்க சர்ஜன் இருந்தார். பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த ஒரே டாக்டர் இல்லை. 'எல்லாச் சிசுவுக்கும் சமமான அறுவை சிகிச்சை' என்ற மாநாட்டில், மயக்க மருந்து டாக்டர்களின் பற்றாக்குறையைப் பற்றி முழங்கத் தலைநகருக்குப் போயிருந்தார். ஐந்து மணி நேரப் பயணம். குழந்தையை அங்கே அனுப்பலாமென்றால், ஆம்புலன்ஸில் சூடான பெட்டி கிடையாது. பாதி வழியிலேயே குளிர்ந்துபோகும்.

தலைமை நர்ஸ் சலைன் பையை வெட்டிக் குடலை அதற்குள் பொதிந்தாள். வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு பை உண்டாம். இங்கே அதன் படம் சுவரில் ஒட்டியிருந்தது. பையைத் தொங்கவிட ஸ்டாண்டும் இல்லை. மாநாட்டு பேனர் கட்ட எடுத்துப் போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆகவே அப்பன் பிடித்தான். அவன் வெல்டர்.

"கை நடுங்காதே?"

"பத்தாவது மாடியில தொங்கிக்கிட்டே பத்த வச்ச கை, சிஸ்டர்."

"சாஞ்சா குடலுக்கு ரத்தம் போகாது. நான் சொல்ற வரைக்கும் இறக்காத."

டாக்டருக்குப் போன் போட்டுக் குழந்தையையும் பையையும் பற்றிச் சொன்னாள். "அடுத்து நான்தான் சிஸ்டர்," என்று கிசுகிசுத்தார். "பேசி முடிச்சதும் கிளம்பிடறேன்."

பேச்சு அவள் போனிலேயே நேரலையாக வந்தது. பணக்கார நாடுகளில் இப்படிப் பிறந்தால் பத்தில் ஒன்பது பிழைக்கிறது, நம்மிடம் பத்தில் ஒன்பது போய்விடுகிறது என்றார் டாக்டர். அரங்கம் அதிர்ந்தது.

"எதுக்கு சிஸ்டர் கை தட்டறாங்க?"

"கணக்கு தெளிவா இருக்குதாம்."

"அந்த மிச்ச ஒண்ணு யாரு?"

அவள் ஏற்கெனவே சரியாக இருந்த போர்வையைச் சரிசெய்தாள்.

பேச்சுக்குப் பிறகு சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு குரூப் போட்டோ. நாலு மணிக்கு அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். எங்கே வைத்தும் ஒரு சத்தமும் இல்லை. அப்போது போன் அடித்தது.

"கிளம்பிட்டேன் சிஸ்டர், குழந்தைய ரெடி பண்ணுங்க. உங்க பையப் பத்திச் சொன்னேன், எல்லாரும் அசந்துட்டாங்க. ஒரு போட்டோ அனுப்புங்களேன்."

அவள் போனை அணைத்தாள்.

"சாயல இல்ல சிஸ்டர்?" என்றான் வெல்டர். ஒன்பது மணி நேரமாகியும் கை நடுங்கவில்லை.

"இல்லப்பா. கொஞ்சமும் சாயல."

இறக்கு என்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவன் பிடித்துக்கொண்டே இருந்தான்.