மூன்று வரிகளை அடித்துவிடவும்

தம்பி செத்துப்போன செய்தியை ஹில்டா தன் கையாலேயே எழுதிக்கொண்டாள். சுருக்கெழுத்தில், பென்சிலால், மேனேஜர் தேவப்பிரியம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல.

அறுபத்தேழாம் வருஷம், மே மாதத்துப் பகல். கப்பல்களில் ஆள் வைத்துச் சரக்கு இறக்கும் கம்பெனி அது. ஆபீஸ் துறைமுகத்துக்குள்ளேயே இருந்தது. கோதுமைக் கப்பல் ஒன்றில் காலையில் ஏதோ விபத்து என்று பேச்சு வந்திருந்தது. கப்பல் வேலையில் ஏதோ ஒன்று ஆகிக்கொண்டேதான் இருக்கும் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் மணியடித்தார். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தாள்.

பம்பாய் தலைமை ஆபீசுக்குக் கடிதம். முதலில் அவர் உள்ளதை உள்ளபடிதான் சொன்னார். பூச்சிக்காக விஷப்புகை போட்ட கப்பல் கிடங்கு. திறந்து ஒரு முழு நாள் காற்றாட விட்ட பிறகே ஆள் இறங்கவேண்டும் என்பது விதி. கப்பல் தாமதமாகிறது என்பதால் என் உத்தரவின் பேரில் நாலு மணி நேரத்திலேயே ஆளை இறக்கினோம். சரியாக மூன்று வரி. அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தி, சிகரெட் பற்றவைத்து, ஜன்னலைப் பார்த்தார். "அந்த மூணு வரியையும் அடிச்சிடுங்க மிஸ் ஹில்டா. வேற மாதிரி எழுதலாம்" என்றார், அதையும் ஆங்கிலத்திலேயே. அவள் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டாள்.

பிறகு மேஜைமேல் கிடந்த சீட்டைப் பார்த்துச் சொன்னார்: இறந்தவர் பெயர் அம்புரோஸ், தகப்பன் பெயர் சவேரியார், ராயபுரம், வயது இருபத்துநாலு. குடிபோதையில், மேஸ்திரியின் பேச்சைக் கேட்காமல், தானாகவே கிடங்குக்குள் இறங்கியவர்.

பென்சில் நிற்கவில்லை. பதினைந்து வருஷம் பழகிய கை அது, காதில் விழுவதை எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கும். எழுந்து போனாள். மெஷினில் தாளைச் செருகினாள். கார்பன் வைத்து நாலு பிரதி, ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தாள். கொண்டுபோய் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது.

"இது என் தம்பி, சார்."

தேவப்பிரியம் பேனாவைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அம்புரோஸ் மேஸ்திரியிடம் அன்றாடக் கூலிக்குப் போனவன். மூட்டை தூக்குகிறவன் ஸ்டெனோவின் தம்பி என்று ஆபீசில் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று, "எங்க கம்பெனி பக்கம் என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்று அவள்தான் சொல்லிவைத்திருந்தாள். அவனும் வழியில் பார்த்தால் சிரித்துக்கொண்டே யாரோபோல் போய்விடுவான்.

"ஐயாம் வெரி சாரி" என்றார் அவர். "ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க." சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் தபால் தட்டில் போட்டார்.

அடக்கத்துக்குக் கம்பெனி சார்பில் மலர்வளையம் வந்தது. மேனேஜரே கொண்டுவந்து வைத்து, அவள் அம்மா இருதயம்மாளின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கம்பெனி சொன்னதை நம்பி மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, உன் மகன் சாராயத்தை எங்கே வாங்கினான் என்று அம்மாவை வாசலில் நிற்கவைத்துக் கேட்டார்கள். தெருவே பார்த்தது. பீடிகூடக் குடிக்காத பையன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையை டைப் அடித்தவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்குள் ஒன்று உட்கார்ந்தது. அது துக்கமில்லை. துக்கத்தை அதற்கப்புறம் அவள் நெடுநாள் பார்க்கவேயில்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போனாள். தினமும் அந்த மனிதருக்கு எதிரில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டாள். அவர் கழுத்தை, காதை, சிகரெட் பிடிக்கும் விரல்களைப் பார்த்தாள். இவரைப் பழிவாங்குவது எப்படி, எப்படி என்ற ஒரே கேள்விதான் சாப்பிடும்போதும் பூசையில் முழங்காலிட்டிருக்கும்போதும்.

அவள் மாறிவிட்டதைக் கண்டுபிடித்தது மஜீது பாய் ஒருவர்தான். டைப்ரைட்டர்களைப் பழுதுபார்க்க மாதம் இரண்டு தரம் வருவார். அறுபது தாண்டியவர், பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி பார்த்தவர், பர்மா வரை போய் வந்தவர். எட்டு வருஷப் பழக்கம். அவர் வீட்டு ரம்ஜான் கஞ்சி இவள் வீட்டுக்கு வரும். இவள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக் வண்ணாரப்பேட்டைக்குப் போகும். வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஆளுக்கொரு டீ குடிப்பது வழக்கம்.

ஆகஸ்ட் மாதம் அப்படி ஒரு சாயங்காலம், அவள் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"இன்னாமா, சிரிப்பெல்லாம் பலமா கீது?"

சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் ஒரு கப்பல் வருகிறது. அமில டிரம்கள் எந்தக் கிடங்கில் என்று மேஸ்திரிகளுக்குப் போகும் கடிதத்தை அவள்தான் அடிக்கிறாள். இரண்டாம் கிடங்கு என்பதை வேண்டுமென்றே மூன்று என்று அடித்துவிட்டாள். மேனேஜர் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. விபரீதம் நடந்தால் கையெழுத்து அவருடையது. "கையில விலங்கு மாட்டி அதே கேட் வழியா கூட்டிட்டுப் போகணும் பாய். நான் ஜன்னல்ல நின்னு பார்க்கணும்."

மஜீது பாய் டீயைக் கீழே வைத்தார்.

"ரெண்டாம் நம்பர் கெடங்குல எறங்கப்போறது யாரு? உன் மேனேஜரா?"

அந்தக் கேள்வி அவளுக்கு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் தள்ளிவிட்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. எம் பொஞ்சாதிக்கே தெரியாது" என்றார். "பர்மாவுல எனக்கு ஒரு தோஸ்து இருந்தான், ரோஷன்னு. எங்க சுபேதாருக்கும் அவனுக்கும் ஆவாது. குண்டு வுயுந்துகினு கீற நேரத்துல, அறுந்த ஒயர ஒட்டிட்டு வாடான்னு சுபேதார் அவன வேணும்னே வெளிய அனுப்பிச்சான். போனவன் வரல. அப்பால ரெண்டு வாரம் நா தூங்கல. நீ இப்ப கீற மாதிரியேதான். ஒரு நாள் சுபேதார் ஆத்தாண்ட போயிருந்தான். 'அந்தப் பக்கம் எதிரி பீரங்கி கீது, வேற வயியில வா'ன்னு அவனுக்கு சேதி வந்திச்சு. நாதான் காதுல மாட்டிகினு குந்திகினு இருந்தேன். எய்திகினேன். ஒரு மணி நேரம் அத்த யாருக்கும் குடுக்கல. சிக்னல் சரியில்லன்னு நோட்டுல போட்டுட்டேன்."

"செத்தானா?"

"செத்தான். கூட ஆறு பேரு. அதுல ஒருத்தன் அன்னிக்குக் காலைல அவன் ரொட்டில பாதிய எனக்குப் பிச்சிக் குடுத்தவன்."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"உங்களுக்கு சந்தோஷமா இருந்துதா பாய்?" அவளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

"பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் பூரா சந்தோஷமா இருந்திச்சு. ரெண்டாம் நாள் ஏயு பொணத்தையும் தூக்கியாந்தாங்க." டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அவனப் பயி வாங்காதேன்னு நா சொல்ல வரலமா. அந்த மாரி நல்ல புத்தி சொல்ற ஆளு நா இல்ல. வாங்கு. நல்லா வாங்கு. ஆனா பேரப் போட்டு வாங்கு. அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு வாங்கு. செஞ்சது யாருன்னு அவனுக்குத் தெரியலன்னா அத்த நீ தனியா தூக்கிகினு திரியணும். நா இருபத்து மூணு வருசமா தூக்கிகினு கீறேன்."

அவள் மறுபடி ஆபீசுக்குள் போனாள். தபால் தட்டில் கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தாள். புதுத்தாள் செருகி, இரண்டாம் கிடங்கு என்று அடித்து வைத்தாள்.

அன்று ராத்திரி முழுக்க மஜீது பாயின்மேல் அவளுக்குக் கோபமாக இருந்தது. கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று. விடியும்போதுதான் அந்த மூன்று வரி ஞாபகத்துக்கு வந்தது. ஒரே கோடு. அதன் அடியில் எல்லாம் படிக்கும்படிதான் இருக்கும்.

நோட்டு ஆபீஸ் அலமாரியில் இருந்தது. மே மாதப் பக்கத்தைத் திரும்பப் பார்க்கும் துணிவு இத்தனை நாள் அவளுக்கு இல்லை. தம்பியின் பெயர் எழுதிய இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே இருந்ததைப் படித்தாள். மூன்று வரிகள் மட்டுமில்லை. "அந்த மூன்று வரிகளை அடித்துவிடவும்" என்று அவர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்தது அவள் கை.

அடுத்த முறை மஜீது பாய் வந்தபோது அந்த நோட்டு அவர் பையில், திருப்புளிகளுக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் அடியில், துறைமுக கேட்டைத் தாண்டிப் போனது. காவல்காரன் பையைத் திறக்கச் சொன்னான். "கை வெச்சா மை ஒட்டிக்கும் நைனா, பாத்துக்கோ" என்றார் இவர். அவன் போகச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் மனுவை அடித்தாள். விபத்தை விசாரிக்கும் தொழிலாளர் அதிகாரிக்கு, அதே மெஷினில், ஆபீஸ் நேரத்தில். கீழே ஹில்டா, ஸ்டெனோகிராஃபர் என்று முழுப்பெயரும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள். அவர் மணியடித்துக் கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. எதிர் நாற்காலியில் உட்காரவில்லை.

அவர் படித்தார். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதை அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமா? வேலை போயிடும். ஊர்ல வேற எந்தக் கம்பெனியும் உங்களை எடுக்காது."

"தெரியும் சார். அதனாலதான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அந்த நோட்டு கம்பெனி சொத்து."

"விசாரணைல கேட்டு வாங்கிக்கோங்க, சார்."

அவர் முகத்தில் அதுவரை அவள் பார்த்திராத ஒன்று வந்தது. பயம். மூன்று மாதமாக எதற்காகக் காத்திருந்தாளோ அது. கொஞ்ச நேரம் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

விசாரணை அக்டோபரில் நடந்தது. கம்பெனி வக்கீல் நோட்டைத் தூக்கிக் காட்டி, இந்தக் கிறுக்கலை இந்த அம்மாவைத் தவிர யார் படிக்க முடியும், தம்பி செத்த ஆத்திரத்தில் பின்னால் எழுதிச் சேர்த்தது இது என்றார். ஹில்டா எழுந்தாள். அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் அதே நாளில் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, அவற்றின் நகல் கம்பெனிக் கோப்பிலேயே இருக்கும், ஒத்துப் பாருங்கள் என்றாள். "படிக்கறதுக்கு நான் வேண்டாம். உங்க ஸ்டெனோவைப் படிக்கச் சொல்லுங்க."

அதிகாரியின் ஸ்டெனோ வயதான மனிதர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏற்ற இறக்கமில்லாத குரலில், மற்ற கடிதங்களைப் படிப்பதுபோலவே படித்தார். விஷப்புகை போட்ட கிடங்கு. ஒரு முழு நாள். என் உத்தரவின் பேரில் நாலு மணி நேரம். "அந்த மூன்று வரிகளை அடித்துவிடவும், மிஸ் ஹில்டா" என்று அவர் படித்தபோது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தார். தேவப்பிரியத்தின் காது சிவந்து, பின் வெளுத்தது. நாற்காலியில் குறுகினார். அவள் அவர்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்தாள். வரவில்லை. ஸ்டெனோ அடுத்த வரிக்குப் போனார். "அம்புரோஸ், தகப்பன் பெயர் சவேரியார்" என்று அந்நியக் குரல் ஒன்று சொல்லிக் கேட்டபோதுதான் அவள் உடைந்தாள். மஜீது பாய் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இறந்தவர் குடித்திருக்கவில்லை, விஷப்புகையால் இறந்தார், பொறுப்பு மேனேஜருடையது என்று தீர்ப்பு எழுதினார்கள். கம்பெனி தேவப்பிரியத்தை வீட்டுக்கு அனுப்பியது. சேதி தெரிந்த அன்று இருவரும் ராயபுரம் கடற்கரையோரமாக நடந்தார்கள்.

"போதல பாய்" என்றாள் ஹில்டா.

"போதாதுமா. எவ்ளோ வாங்கினாலும் போதாது. ஆனா நீ வாங்கினதுல வேற எவன் ரத்தமும் இல்ல பாரு. சாப்ட்டா எறங்கும்."

கொஞ்ச தூரம் போனதும், "எனக்கும் ஒரு லெட்டர் அடிச்சித் தரணும், எம் பேரப் போட்டு" என்றார்.

"யாருக்கு பாய்?"

அவர் வாயைத் திறந்து, கடலைப் பார்த்து, மூடிக்கொண்டார். "அப்பால சொல்றேன்." அவள் வற்புறுத்தவில்லை. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவள் மட்டும் காத்திருந்தாள்.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்த மறுநாள் காலை. போலீஸ் வந்துபோன நாளிலிருந்து அம்மா தெருக்குழாய்க்குப் போவதை விட்டிருந்தாள். ஐந்து மாதமாக இரண்டு தெரு தள்ளிப்போய்த் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு எழுந்து, தலையை வாரி முடிந்துகொண்டு, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாயைப் பார்த்து நடந்தாள். ஹில்டா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

குழாயடியில் இருபது குடம் வரிசையில் இருந்தது. முதல் குடம் எதிர்வீட்டு சிலுவையம்மாளுடையது. பேச்சு நின்றது. அம்மா வரிசையின் கடைசிக்குப் போகவில்லை. நேராகக் குழாயிடம் போய், பாதி நிறைந்திருந்த சிலுவையம்மாளின் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அதன்பின் நிமிர்ந்து, அத்தனை பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

"எம்புள்ள குடிக்கல" என்றாள்.

காலி பித்தளையில் தண்ணீர் விழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. குடம் நிறைந்து வழிந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. தண்ணீர் அவள் காலை நனைத்து, வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியின் காலடியிலும் புகுந்து, சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.